பியூரெட்டின் முன் நிற்பவர்களுக்கு: கல்லூரி வேதியியல் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இருபத்தைந்து ஆண்டுகளாகக் கலை, அறிவியல் கல்லூரிகளில் வேதியியல் கற்பித்துவருகிறேன். இளநிலை முதலாண்டு வகுப்பு தொடங்கி ஒரு மாதம் ஆவதற்குள் ஏறத்தாழ இதே கேள்விகள் வந்துவிடும். சில வகுப்பில் எழும். பெரும்பாலானவை ஆய்வகத்தில், மற்றவர்கள் போன பிறகு, தயங்கித் தயங்கி வரும். புதிதாகப் பணியில் சேரும் ஆசிரியர்கள் கேட்பவற்றையும் கடைசியில் சேர்த்திருக்கிறேன்.

பன்னிரண்டாம் வகுப்பில் வேதியியலில் நல்ல மதிப்பெண் வாங்கினேன். கல்லூரியில் ஏன் ஒன்றுமே புரியவில்லை?

உங்கள் மூளைக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை. வேதியியல் ஒரே நேரத்தில் மூன்று தளங்களில் நடக்கும் பாடம். மயில்துத்தத்தை, அதாவது தாமிர சல்ஃபேட்டை, சோதனைக் குழாயில் இட்டுச் சூடாக்குங்கள். நீலம் போய் வெண்மையாகும். ஆறிய பிறகு ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் நீலம் திரும்பிவிடும். இது கண் காணும் தளம். தாமிர அயனியைச் சூழ்ந்திருந்த நீர் மூலக்கூறுகள் சூட்டில் விலகிப்போய், தண்ணீர் விட்டதும் மீண்டும் வந்து ஒட்டிக்கொள்கின்றன. இது கண் காணாத தளம். கரும்பலகையில் எழுதும் சமன்பாடு மூன்றாவது தளம். கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தின் அலெக்ஸ் ஜான்ஸ்டன் 1991இல் இதை ஒரு முக்கோணமாக வரைந்து காட்டினார். வேதியியல் கற்பிப்பவர்கள் இன்றுவரை அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

பள்ளித் தேர்வை மூன்றாவது தளத்திலேயே நின்று எழுதிவிடலாம். சமன்பாட்டைப் பிழையில்லாமல் எழுதினால் மதிப்பெண் கிடைத்துவிடும். கல்லூரியிலோ ஆசிரியர் ஒரே வாக்கியத்தில் மூன்று தளங்களிலும் ஏறி இறங்குகிறார். பல ஆண்டுப் பழக்கத்தில் அப்படிச் செய்வது அவருக்கே தெரிவதில்லை. கேட்கும் உங்களுக்கு மூச்சு வாங்குகிறது. பலகையில் ஒரு சமன்பாடு விழுந்தவுடன் இரண்டு கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள்: இது நடந்தால் என் கண்ணுக்கு என்ன தெரியும்? உள்ளே மூலக்கூறுகள் என்ன செய்கின்றன? முதல் மாதம் இது உங்களைத் தாமதப்படுத்தும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்படியானால் மனப்பாடமே வேண்டாமா?

வேண்டும். வாய்ப்பாடு தெரியாமல் கணக்குப் போட முடியாது. முதல் முப்பது தனிமங்கள், அடிக்கடி வரும் அயனிகளின் மின்சுமை, கரிம வேதியியலின் வினைத்தொகுதிகள், வலிமை மிக்க ஆறேழு அமிலங்களின் பெயர்கள் ஆகியவை தூக்கத்தில் கேட்டாலும் வர வேண்டும். இவற்றைத் தவிர வேறு எதையாவது மனப்பாடம் செய்யத் தோன்றினால், ‘இதை எதிலிருந்தாவது வருவிக்க முடியாதா?’ என்று ஒரு நிமிடம் யோசித்துவிட்டுத் தொடங்குங்கள்.

மோல் என்பது உண்மையில் என்ன? வரையறை தெரியும்; மனத்தில் நிற்கவில்லை.

டஜன் என்றால் பன்னிரண்டு. அதைப் போல மோலும் ஓர் எண்ணிக்கைதான். மிகப் பெரிய எண்ணிக்கை. 2019 மே 20 முதல் அதன் மதிப்பு 6.02214076-ஐ 10இன் 23ஆம் அடுக்கால் பெருக்கிவரும் எண் என்றே நிலைப்படுத்தப்பட்டுவிட்டது. அதற்கு முன் 12 கிராம் கார்பன்-12இல் எத்தனை அணுக்கள் உண்டோ அத்தனை என்று சொல்லிவந்தோம். பழைய பாடநூல்களில் இன்றும் அப்படித்தான் இருக்கும்.

நான்கு தேக்கரண்டிக்கும் குறைவான தண்ணீர், அதாவது 18 கிராம், ஒரு மோல். அதிலுள்ள மூலக்கூறுகளை வினாடிக்கு நூறு கோடி வீதம் எண்ணினாலும் எண்ணி முடிக்க ஏறத்தாழ ஒரு கோடியே தொண்ணூறு லட்சம் ஆண்டுகள் ஆகும். எண்ண முடியாததை எடைபோட்டு அறிகிறோம். மோல் என்னும் கருத்தின் பயன் முழுவதும் இதுதான். வங்கியில் நாணய மூட்டையை எண்ணாமல் தராசில் வைப்பதும் இதே வேலைதான். கணக்கில் கிராம் கொடுத்திருந்தால் முதலில் மோலாக்குங்கள்; கேட்டிருப்பது கிராம் என்றால் கடைசியில் திருப்புங்கள். இடையில் கிராமோடு எந்த வேலையும் வேண்டாம்.

பிணைப்பு உடையும்போதுதானே ஆற்றல் வெளிப்படுகிறது?

இல்லை. நான் பார்த்த தவறுகளிலேயே ஆழமாக வேரூன்றியது இதுதான். முதுநிலை மாணவர்களிடமும் இருக்கிறது. எரிபொருளுக்குள் ஆற்றல் ‘அடைபட்டிருப்பதாக’ச் சின்ன வயதிலிருந்தே கேட்டு வளர்ந்திருக்கிறோம். பானையை உடைத்தால் தண்ணீர் கொட்டுவது போலப் பிணைப்பை உடைத்தால் ஆற்றல் கொட்டும் என்று மனம் படம் போட்டுக்கொள்கிறது.

எண்களை வைத்துப் பாருங்கள். இரண்டு மோல் ஹைட்ரஜன் ஒரு மோல் ஆக்சிஜனோடு சேர்ந்து எரிந்து நீராவியாகிறது. ஹைட்ரஜன்-ஹைட்ரஜன் பிணைப்பை உடைக்க மோலுக்கு 436 கிலோஜூல் செலவிட வேண்டும், இரண்டு மோலுக்கு 872. ஆக்சிஜனின் இரட்டைப் பிணைப்பை உடைக்க 498. இதுவரை 1370 கிலோஜூல் நம் கையிலிருந்து போயிருக்கிறது. வரவு ஒன்றும் இல்லை. இனிதான் நான்கு ஆக்சிஜன்-ஹைட்ரஜன் பிணைப்புகள் உருவாகின்றன. ஒவ்வொன்றும் சராசரியாக 463 தருகிறது, மொத்தம் 1852. வரவிலிருந்து செலவைக் கழித்தால் 482 கிலோஜூல் மிச்சம். நாம் உணரும் வெப்பம் அந்த மிச்சம்தான். உடைப்பது எப்போதும் செலவு. சேர்வது எப்போதும் வரவு. எரியும் வினை வெப்பம் தருவது புதிய பிணைப்புகள் பழையவற்றைவிட வலுவாக இருப்பதால்தான்.

இந்தக் கணக்கை ஒருமுறை உங்கள் கையால் போட்டுப் பாருங்கள். உயிர்வேதியியலில், செல்களுக்குள் ஆற்றலைக் கொண்டுசெல்லும் ஏ.டி.பி. மூலக்கூறு பற்றிப் படிக்கும்போது இதே தவறு வேறு வேடத்தில் வரும். அப்போது அடையாளம் கண்டுகொள்வீர்கள்.

தமிழ் வழியில் படித்துவிட்டு வந்தேன். இங்கே எல்லாம் ஆங்கிலம். நான் என்ன செய்வது?

இந்தக் கேள்வியைக் கேட்கும்போது பிள்ளைகள் குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள். தாழ்த்த வேண்டியதில்லை. இலங்கையிலும் உயர்தரம்வரை தமிழில் இரசாயனவியல் படித்து, இலத்திரன் (எலக்ட்ரான்), நியமிப்பு (தரம்பார்த்தல்), அளவி (பியூரெட்), குழாயி (பிப்பெட்) என்று பழகிய பிள்ளைகள் பல்கலைக்கழக அறிவியல் பீடத்தில் ஆங்கிலத்துக்கு மாறித்தான் பட்டம் பெறுகிறார்கள். தமிழால் இந்தப் பாடத்தைத் தாங்க முடியாது என்பதும் பொய். யாழ்ப்பாணத்தின் மானிப்பாயில் சாமுவேல் கிரீன் என்னும் அமெரிக்க மருத்துவர் 19ஆம் நூற்றாண்டிலேயே தமிழில் மருத்துவம் கற்பித்தார். அந்தப் படிப்புக்காக வேதியியல் நூலும் தமிழில் வெளிவந்தது.

உங்களிடம் ஏற்கெனவே ஒரு செல்வம் இருக்கிறது. ‘எலக்ட்ரான் கவர் பொருள்’ என்னும் சொல் தன் பொருளைத் தானே சொல்லிவிடுகிறது. ‘எலக்ட்ரோஃபைல்’ என்று மட்டும் கேட்டவருக்கு அதை யாராவது விளக்க வேண்டும். அமிலத்தின் ‘வலிமை’ வேறு, ‘செறிவு’ வேறு என்பது தமிழில் தெளிவாகவே இருக்கிறது. எவ்வளவு செறிவாக எடுத்தாலும் அசிட்டிக் அமிலம் வலிமை குறைந்த அமிலம்தான்.

செய்ய வேண்டியது இது. ஒரு நோட்டுப் புத்தகத்தின் பக்கத்தை நடுவில் மடித்துக்கொள்ளுங்கள். இடப்பக்கம் அன்றைய ஆங்கிலக் கலைச்சொல். வலப்பக்கம் தமிழ்ச் சொல்லும், உங்கள் சொந்த வார்த்தையில் ஒரு வரி விளக்கமும். நாளொன்றுக்கு ஐந்து சொல் போதும். ஒரு செமஸ்டரில் நானூறைத் தாண்டிவிடும். விடையைத் தமிழில் யோசித்து, சிறு சிறு ஆங்கில வாக்கியங்களாக எழுதுங்கள். தேர்வாளருக்கு நீண்ட வாக்கியம் தேவையில்லை.

வினாத்தாளின் வினைச்சொற்களில்தான் பலர் சறுக்குகிறார்கள். ‘அக்கவுண்ட் ஃபார்’ என்றால் காரணம் கூறு என்று பொருள். வரையறை எழுதிவிட்டு வந்தால் மதிப்பெண் இல்லை. ‘டெரைவ்’ என்றால் படிப்படியாக வருவித்துக் காட்ட வேண்டும். ‘ஸ்பான்டேனியஸ்’ என்பதை வேகமாக என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். சாதாரண வெப்பநிலையிலும் அழுத்தத்திலும் வைரம் கிராஃபைட்டாக மாறுவது வெப்ப இயக்கவியலின்படி தன்னிச்சையான மாற்றம்தான். ஆனாலும் அம்மாவின் வைர மூக்குத்தி கரியாகப் போவதில்லை.

கரிம வேதியியலில் நூற்றுக்கணக்கான வினைகள். எப்படி நினைவில் வைப்பது?

பெயர்களாக நினைவில் வைக்க முயன்றால் தோற்றுவிடுவீர்கள். எலக்ட்ரான் மிகுந்த இடம், எலக்ட்ரான் குறைந்த இடத்தைத் தேடிப் போகிறது என்ற ஒரு வரியிலிருந்து தொடங்குங்கள். ஒவ்வொரு மூலக்கூறிலும் எங்கே மிகுதி, எங்கே குறை என்று பென்சிலால் குறியுங்கள். கார்பனும் ஆக்சிஜனும் இரட்டைப் பிணைப்பால் சேர்ந்த கார்பனைல் தொகுதியில் ஆக்சிஜன் எலக்ட்ரானைத் தன் பக்கம் இழுப்பதால் கார்பன் ஏங்கி நிற்கிறது; எலக்ட்ரான் மிகுந்த கருக்கவர் பொருள் (நியூக்ளியோஃபைல்) அங்கேதான் வரும். இது புரிந்தால் சயனைடு சேர்வதும், கிரிக்னார்டு வினையும், ஆல்டால் வினையும் ஒரே கதையின் வெவ்வேறு அத்தியாயங்களாகிவிடும்.

வினை நடக்கும் வழியைக் காட்ட வரையும் வளைந்த அம்புக்குறியை ஆங்கிலேய வேதியியலாளர் ராபர்ட் ராபின்சன் 1922இல் பயன்படுத்தத் தொடங்கினார். அந்த அம்பு எலக்ட்ரானின் பயணத்தைக் காட்டுவது. அணுவின் பயணத்தை அல்ல. ஹைட்ரஜன் அயனியிலிருந்து அம்பு கிளம்புவதாக வரைந்தால் அங்கேயே தவறு, ஏனென்றால் அதனிடம் கொடுக்க எலக்ட்ரானே இல்லை. என் வகுப்பில் வினைவழிமுறை வரையும் மாணவரிடம், ஒவ்வோர் அம்பையும் வரையும்போது ‘இந்த இணை இங்கிருந்து அங்கே போகிறது’ என்று வாய்விட்டுச் சொல்லச் சொல்வேன். சொல்ல முடியாத அம்பு தவறான அம்பு.

இயற்பிய வேதியியலில் கணக்கு என்றாலே பயம்.

பாதிப் பயம் அலகுகளால் வருவது. வாயு மாறிலிக்கு 8.314 எடுத்தால் ஜூல், 0.0821 எடுத்தால் லிட்டர்-வளிமண்டலம். வெப்பநிலையைக் கெல்வினுக்கு மாற்றியாயிற்றா என்று பாருங்கள். ஒவ்வொரு வரியிலும் அலகை எழுதிக்கொண்டே வந்தால் தவறு தானாக அகப்பட்டுவிடும். மீதிப் பயத்துக்கு மருந்து, நுண்கணிதப் புத்தகத்தில் வகைக்கெழுவுக்கும் மடக்கைக்கும் உரிய இரண்டு அதிகாரங்களை விடுமுறையில் திரும்பப் போட்டுப் பார்ப்பது.

தரம்பார்த்தலில் (டைட்ரேஷனில்) என் அளவீடுகள் ஒத்துவருவதே இல்லை. என்ன தவறு செய்கிறேன்?

எல்லாக் கல்லூரிகளிலும் செய்யும் ஆக்சாலிக் அமிலம்-பெர்மாங்கனேட் சோதனையையே எடுத்துக்கொள்வோம். கருவிகளிலிருந்து தொடங்குகிறேன். பியூரெட்டை அதில் ஊற்றப்போகும் கரைசலால் அலம்புங்கள். பிப்பெட்டை அது எடுக்கப்போகும் கரைசலால் அலம்புங்கள். கூம்புக் குடுவையை வாலைவடிநீரால் மட்டும் கழுவுங்கள். அதையும் ஆக்சாலிக் அமிலத்தால் அலம்பிவிட்டு, 20 மில்லி எடுத்ததாக எண்ணிக்கொள்பவர்கள் வகுப்புக்கு நான்கு பேராவது இருப்பார்கள். பியூரெட்டின் நுனியில் காற்றுக்குமிழி இருந்தால் வெளியேற்றுங்கள். புனலை எடுத்துவிடுங்கள், அதிலிருந்து விழும் ஒரு சொட்டு ஏறத்தாழ 0.05 மில்லி. பிப்பெட்டின் கடைசிச் சொட்டை ஊதித் தள்ளாதீர்கள். நுனியைக் குடுவையின் சுவரில் தொட்டால் போதும். அங்கே எஞ்சும் துளியையும் கணக்கில் கொண்டே அந்தப் பிப்பெட்டை அளவிட்டிருக்கிறார்கள்.

இனிக் குடுவைக்குள் நடப்பதைப் பார்ப்போம். நீர்த்த கந்தக அமிலம் சேர்த்து 60 முதல் 70 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கச் சொல்கிறோம். ஆறிப்போனால் வினை மந்தமாகும். கொதிக்கவிட்டால் ஆக்சாலிக் அமிலமே சிதையத் தொடங்கி, அளவீடு குறைந்துவிடும். ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர்த்தால் பெர்மாங்கனேட் குளோரைடையும் ஆக்சிஜனேற்றம் செய்துவிடும், அளவீடு கூடும். நைட்ரிக் அமிலம் தானே ஓர் ஆக்சிஜனேற்றி, அளவீடு குறையும். கந்தக அமிலம் போதாவிட்டாலோ, பெர்மாங்கனேட்டை வேகமாக ஊற்றினாலோ பழுப்பு நிறம் தோன்றும். அது மாங்கனீஸ் டைஆக்சைடு. அந்தக் குடுவையைக் கொட்டிவிட்டு மறுபடி தொடங்குங்கள்.

முதல் சொட்டின் நிறம் மறைய நேரமாகும். பலர் அதையே முடிவுநிலை என்று நினைத்துத் திகைத்துவிடுகிறார்கள். பொறுங்கள். வினையில் உருவாகும் மாங்கனீஸ் அயனியே வினையூக்கியாகி, அடுத்தடுத்த சொட்டுகள் விழுந்தவுடன் மறையும். தன் விளைபொருளே தன்னை விரைவுபடுத்தும் ஒரு வினையை வெறுங்கண்ணால் பார்க்கும் வாய்ப்பு இது. வேறு எங்கும் இவ்வளவு மலிவாகக் கிடைக்காது. வெளிர் இளஞ்சிவப்பு அரை நிமிடம் நிலைத்தால் முடிவுநிலை. பெர்மாங்கனேட் அடர்நிறமாக இருப்பதால் திரவப் பரப்பின் மேல் விளிம்பில் அளவைப் பாருங்கள். நிறமற்ற கரைசல்களுக்குத்தான் கீழ்வளைவு.

பக்கத்து மேசை நண்பரின் அளவீட்டைப் பதிவேட்டில் எழுதிவிட்டால் என்ன?

எழுதாதீர்கள். உங்கள் குடுவையில் 19.2 வந்தால் 19.2 என்றே பேனாவால், அப்போதே எழுதுங்கள். பிழையான அளவீடு எங்கே பிழை என்று கண்டுபிடிக்க உதவும். இரவல் அளவீடு எதற்கும் உதவாது.

ஆனால் இந்தப் பழக்கத்துக்கு மாணவர்களை மட்டும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. விடைக்கு எவ்வளவு நெருக்கம் என்பதற்கே எல்லா மதிப்பெண்ணையும் கொடுக்கிறோம். இரவல் எண்ணை நாமே கேட்டு வாங்குகிறோம். அக மதிப்பீட்டில் ஒரு பகுதியை ‘உன் அளவீடு ஏன் விலகியது?’ என்ற விளக்கத்துக்கு ஒதுக்கிப் பார்த்தேன். முதல்முறையாக ஒரே வகுப்பில் வெவ்வேறு எண்கள் வந்தன. அவற்றைப் பற்றிப் பேச்சும் வந்தது.

கருவிகள் நொடியில் சொல்லிவிடும் காலத்தில் உப்புப் பகுப்பாய்வு எதற்கு?

துப்பறியக் கற்றுத்தரும் பாடம் அது. ஒரு வெள்ளைப் பொடி. கரைகிறதா, என்ன வாயு வருகிறது, சுடரில் என்ன நிறம் என்று ஒவ்வொன்றாகச் சந்தேகப்பட்டு, விலக்கி, உறுதிசெய்ய வேண்டும். கீசன் பல்கலைக்கழகத்தில் 1824இல், 21 வயதில் பேராசிரியரான ஜெர்மானிய வேதியியலாளர் லீபிக், மாணவர்களையே ஆய்வகத்தில் இறக்கிப் பகுப்பாய்வு செய்ய வைத்தார். அதற்கு முன் பெரும்பாலும் ஆசிரியர் செய்து காட்டுவார், மாணவர் வேடிக்கை பார்ப்பார். ஐரோப்பா முழுவதிலிருந்தும் இளைஞர்கள் அந்தச் சிற்றூருக்குப் போனார்கள்.

ஹைட்ரஜன் சல்ஃபைடு பயன்படுத்தும் பழைய முறையை மட்டும் குறைத்துக்கொள்ளலாம். அழுகிய முட்டை நாற்றம் வந்தால் எச்சரிக்கையாகிறோம். ஆனால் செறிவு கூடும்போது அந்த வாயு முகரும் உணர்வையே மரத்துப்போகச் செய்துவிடும். நாற்றம் நின்றுவிட்டதால் வாயு போய்விட்டது என்று நம்பக் கூடாது.

ஆய்வகத்தில் எதற்குப் பயப்பட வேண்டும்?

பயம் வேண்டாம், ஒழுங்கு வேண்டும். வாயால் பிப்பெட்டில் உறிஞ்சாதீர்கள், பக்கத்திலிருப்பவர்கள் எல்லோரும் உறிஞ்சினாலும். ரப்பர் உறிஞ்சி இல்லை என்றால் கேட்டு வாங்குங்கள். கந்தக அமிலத்தை நீரில் மெல்ல ஊற்ற வேண்டும். நீரை அமிலத்தில் ஊற்றினால் அந்தச் சூட்டில் நீர் கொதித்து அமிலத்தோடு தெறிக்கும். கண்ணில் பட்டால் குறைந்தது 15 நிமிடம் ஓடும் நீரில் கழுவிவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும்.

நான் முதுநிலை படித்தபோது, என் தோழி ஒருத்தியின் துப்பட்டா நுனி புன்சன் அடுப்பில் பற்றிக்கொண்டது. பக்கத்தில் நின்றவர் ஈரத் துணியால் அழுத்தி அணைத்தார். அன்றைக்கு எங்களில் யாரும் ஆய்வக மேலங்கி அணிந்திருக்கவில்லை, கேட்பாரும் இல்லை. இருபது ஆண்டுகளுக்கு மேலாகியும், மேலங்கியும் மூடிய காலணியும் பாதுகாப்புக் கண்ணாடியும் இல்லாமல் வரும் யாரையும் நான் உள்ளே விடுவதில்லை.

காணொளிகளைப் பார்த்தே படிக்கலாமா?

என்பிடெல், ஸ்வயம் தளங்களில் ஐ.ஐ.டி. பேராசிரியர்களின் பாடங்கள் கட்டணமில்லாமல் கிடைக்கின்றன, பயன்படுத்துங்கள். ஆனால் பார்க்கும்போது புரிவது வேறு, மூடிவைத்துவிட்டு எழுத முடிவது வேறு. ரோடிகர், கார்ப்பிக் என்னும் உளவியலாளர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்களைவிட, படித்ததை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் ஒரு வாரம் கழித்து அதிகம் நினைவில் வைத்திருந்தார்கள். அரை மணி பார்த்தால் அரை மணி வெள்ளைத் தாளோடு உட்காருங்கள்.

(ஆசிரியர்) பாடத்திட்டத்தை முடிக்கவே நேரமில்லை. செய்து காட்டுவதற்கு எங்கே போவது?

பத்து நிமிடம் போதும். வேதிச் சமநிலைக்கு நான் இரண்டு வாளிகளும் இரண்டு குவளைகளும் கொண்டுபோகிறேன். ஒரு குவளை பெரியது, மற்றது சிறியது. ஒரு வாளியில் தண்ணீர், மற்றது காலி. இரண்டு மாணவர்கள் ஒரே தாளத்தில், ஆளுக்கொரு வாளியிலிருந்து குவளைகொண்ட மட்டும் மொண்டு எதிர் வாளியில் ஊற்றுவார்கள். சற்று நேரத்தில் இரண்டு வாளிகளிலும் மட்டம் மாறாமல் நின்றுவிடும். மட்டங்கள் சமமாக இருக்காது; மொள்வதும் நிற்காது. சமநிலை என்றால் வினை நின்றுவிட்டது, இரு பக்கமும் சமமாகிவிட்டது என்ற இரண்டு தவறுகளையும் இது ஒரே நேரத்தில் அகற்றுகிறது. இதற்குப் பிறகு, சமநிலையைக் குலைத்தால் அது எந்தப் பக்கம் நகரும் என்று சொல்லும் லெ சாட்லியர் கொள்கைக்கு எனக்குப் பாதி நேரம்தான் ஆகிறது.

(ஆசிரியர்) வகுப்பில் யாரும் வாயே திறப்பதில்லை.

‘புரிந்ததா?’ என்று கேட்டால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். ‘கொதிக்கும் நீரில் எழும் குமிழிக்குள் என்ன இருக்கிறது?’ என்று கேளுங்கள். பெயர் எழுதாத துண்டுச் சீட்டில் விடை வாங்குங்கள். காற்று என்பார்கள், ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் என்பார்கள். நீராவி என்று எழுதுபவர்கள் நீங்கள் எதிர்பார்ப்பதைவிடக் குறைவாகவே இருப்பார்கள். சீட்டுகளை வாசித்தவுடன் வகுப்பு விவாதிக்கத் தொடங்கிவிடும். நிறங்காட்டிகளுக்கு ஆரத்தித் தட்டைக் கொண்டுவாருங்கள். மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து ஏன் சிவக்கின்றன, மஞ்சள் கறை பட்ட சட்டை சோப்பு பட்டதும் ஏன் சிவக்கிறது என்று கேட்டுவிட்டு, ஆய்வக நிறங்காட்டியான ஃபீனால்ஃப்தலீனை அப்புறம் அறிமுகம் செய்யுங்கள்.

ரஷ்ய வேதியியலாளர் மெண்டெலீவ் தனிம அட்டவணையை உருவாக்கியது தம் பல்கலைக்கழக மாணவர்களுக்குப் பாடநூல் எழுதிக்கொண்டிருந்தபோது. தனிமங்களை எந்த வரிசையில் சொல்லிக்கொடுப்பது என்ற ஆசிரியரின் சிக்கல் 1869இல் அந்த அட்டவணையாக வந்தது. அவர் விட்டுவைத்த காலியிடங்களில் காலியம் 1875இலும் ஸ்காண்டியம் 1879இலும் ஜெர்மானியம் 1886இலும் வந்து அமர்ந்தன. கற்பிப்பதை ஆராய்ச்சிக்குக் கீழான வேலை என்று யாராவது சொன்னால் இதை நினைவுபடுத்துங்கள்.

பட்டம் முடித்தால் வேலை உண்டா?

மருந்து, சாயம், தோல், உரத் தொழிற்சாலைகளின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவுகளில் உண்டு. அங்கே முதலில் பார்ப்பது உங்கள் கை சுத்தமும் பதிவேட்டு ஒழுங்கும்தான். மேலே படிக்க விரும்பினால், ஐ.ஐ.டி.களில் முதுநிலை சேர்வதற்கான ஜாம் தேர்வுக்கு இரண்டாம் ஆண்டிலேயே தயாராகத் தொடங்குங்கள். சென்னையில் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனமும் காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனமும் இருக்கின்றன. வாய்ப்புக் கிடைத்தால் ஒருநாள் உள்ளே போய்ப் பாருங்கள். பாடநூலின் மின்முனை அங்கே உயிரோடு இருக்கும்.

மூன்று தாள்களில் அரியர் இருக்கிறது. எங்கிருந்து தொடங்குவது?

தேர்வுத்தாளிலிருந்து வேண்டாம். மோல், ஆக்சிஜனேற்ற எண், பிணைப்பு, அமில-காரம் ஆகிய நான்கையும் பதினொன்றாம் வகுப்புப் புத்தகத்திலிருந்து மறுபடி படியுங்கள். ஒவ்வொன்றுக்கும் நான்கு நாள். பிறகு அரியர் தாளைத் திறந்து, முதலில் எந்த வரியில் நின்றுபோகிறீர்களோ அங்கே ஒரு புள்ளி வையுங்கள். அந்தப் பக்கத்தை விரித்தபடியே உங்கள் ஆசிரியரிடம் போங்கள். ‘ஐயா, ஒன்றும் புரியவில்லை’ என்றால் அவருக்கு எங்கே தொடங்குவது என்று தெரியாது. ‘அம்மா, இந்த வரியில் நிற்கிறேன்’ என்றால் அங்கேயே தொடங்கிவிடுவார். என் மாணவராக இருந்தால், வேலை நாள்களில் மாலை மூன்றரைக்கு மேல் கனிம ஆய்வகத்தில் இருப்பேன். அந்த நோட்டுப் புத்தகத்தோடு வாருங்கள்.